ரத்தம் வரும் பொம்மை

கால்நடைக் கல்லூரியின் அறுவைக் கூடத்தில் அவளைக் கூண்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக நாய்களைக் கூண்டிலிருந்து மேசைக்குத் தூக்கி வருவது அவள் வேலை. மாணவர்கள் கருப்பையை எடுத்துப் பழகுவார்கள். பழகி முடிந்த நாய் கண் விழிக்காது. அதற்கென்று ஓர் ஊசி உண்டு. போன மாதம் ஒரு நாய், மயக்கம் ஏறும்வரை அவள் கையை நக்கிக்கொண்டே இருந்தது. போதும் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

வீட்டில் நுரைமெத்தையைக் குடைந்து ஒரு நாய்ப் பொம்மைக்கு உடம்பு செய்தாள். நீள பலூன்கள் கருப்பை. மேலே ரப்பர் தோல்.

"என் மழைக்கோட்டு எங்கடி?" என்றார் புருஷன்.

"நாய்க்குப் போட்டுட்டேன். நாலு சொட்டு நனைஞ்சா கரைஞ்சா போயிடுவீங்க?"

பேராசிரியர் பொம்மையைப் புரட்டிப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கும்மா. ஆனா இதுல ரத்தக்குழாய் முடிச்சை எப்படிப் போட்டா என்ன? ரத்தமா வரப்போகுது? இதுல பழகினவன் நாளைக்கு வைத்தியத்துக்கு வர்ற நாயைக் கொன்னுடுவான். வியாழக்கிழமைக்கு ஆறு நாய் வேணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபப்படவும் வழியில்லை, அவர் சொன்னது நியாயம்.

வியாழக்கிழமை மேசைமேல் நாய் இல்லை, பொம்மைதான் கிடந்தது. குளுக்கோஸ் மாட்டும் கம்பியில் சிவப்பு மைத் தண்ணீர்ப் பை தொங்கியது. அதிலிருந்து மெல்லிய குழாய்கள் பலூனை ஒட்டி வயிற்றுக்குள் ஓடின.

"நாய் எங்கம்மா?"

"கூண்டுல இருக்கு சார். முதல்ல யாராவது ஒருத்தர் இதுல முடிச்சுப் போடட்டும்." வேலை போனால் போகட்டும் என்றுதான் வந்திருந்தாள்.

முன்வரிசை மாணவி முடிச்சுப் போட்டாள், குழாயை வெட்டினாள். வெட்டிய இடத்தில் சிவப்பு குபுகுபுவென்று வந்தது. அவள் ஓர் அடி பின்வாங்கினாள். வயிறு நிரம்பி மேசையில் வழிந்தது.

"என்ன வேடிக்கை பார்க்கற? அடியில பிடி! இடுக்கி எங்க? செத்துடும் அது!" பேராசிரியர் பாய்ந்து வந்து கையை உள்ளே விட்டார்.

பின்வரிசையில் எவனோ சிரித்தான். அவர் நிமிர்ந்தார். சட்டைக்கை முழங்கைவரை சிவப்பு. அந்த மாணவியையே மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் தடவை சொட்டுக்கூட வரவில்லை.

"இன்னும் எத்தனை பொம்மை செய்வே?" என்று கூண்டக்காவிடம் கேட்டார்.

"வாரத்துக்கு ரெண்டு."

"சரி. இதுல தேறினவங்க, கருத்தடைக்கு வர்ற நாய்க்கு என் பக்கத்துல நின்னு செய்யட்டும்."

"அது வீட்டுக்குப் போயிடும். கூண்டுல இருக்கற ஆறு?"

"அதான் வேணாம்னு ஆயிடுச்சேம்மா."

"வாயால சொன்னா ஆகாது சார். எழுதிக் குடுங்க."

அவர் முறைத்தார். அவள் நகரவில்லை.

"கையைத் துடைக்கவாவது விடுவியா?" என்றபடி துண்டை எடுத்தார்.

அவள் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினாள்.