ஜீப் அண்ணன்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவளுக்கு நகரின் நடுவே வீடு கிடைத்தது. கார் நிறுத்தத்தான் இடமில்லை. நான்கு தெரு தள்ளி விட்டுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தனியாக நடக்க வேண்டும். பயத்துக்கு மருந்தாக, இல்லாத ஓர் அண்ணனை அவளே உண்டாக்கிக்கொண்டாள். போனைக் காதில் வைத்துத் தெருவுக்கே கேட்கும்படி பேசுவாள்: "அண்ணே, போலீஸ் ஜீப்போட முக்குலதானே நிக்கிறே? இதோ வந்துட்டேன்!"

ஒரு வாரமாகப் பின்னால் ஒரு காலடிச் சத்தம். அவள் விரைந்தால் அதுவும் விரைந்தது, நின்றால் நின்றது. அன்று பேசிக்கொண்டிருக்கும்போதே காதிலிருந்த போன் கணகணவென்று அடித்தது. குட்டு உடைந்தது. சாவியை விரலிடுக்கில் இறுக்கிக்கொண்டு திரும்பினாள். கையில் காய்கறிப் பையோடு ஒரு பருத்த மனிதர், அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அப்போ... அண்ணன் போலீஸ் இல்லையாம்மா?"

"அண்ணனே இல்லைங்க!"

"கிழிஞ்சது போ! அவரை நம்பித்தானே நான் தினமும் உன் பின்னாலயே வந்தேன். நானும் நீ கார் நிறுத்துற இடத்துலதாம்மா வண்டிய நிறுத்தறேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பையே குலுங்கியது.

மறுநாள் அவள் காரைப் பூட்டும்போது அவர் காத்திருந்தார். "வா தங்கச்சி, போலாம். ஜீப்புதான் இல்லை."