பிரேக் அக்காவும் தானாக வந்த நான்கு பட்டன்களும்

பதினோரு வருடம் பேருந்து ஓட்டியவர் அவர். நின்றுகொண்டு வரும் பயணிகூடத் தள்ளாடாத அளவுக்கு நிதானமாக வண்டியை நிறுத்துவார் என்பதால் டிப்போவில் அவருக்குப் 'பிரேக் அக்கா' என்று பெயர். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபின், கிளட்சை மிதிக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். மேலாளர் அவரை டூட்டி போடும் அறைக்கு மாற்றினார்.

ஜன்னல் இல்லாத அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஓயாமல் அலறும் ஒரு போன். நூற்று நாற்பது ஓட்டுநர்களில் யாருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஒரே விரிதாளில், அதாவது கட்டம் கட்டமாக எழுதும் கம்ப்யூட்டர் பைலில், இருந்தது. அதைக் காலையில் பார்த்துக்கொண்டவர், ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கியிருந்த ஓர் எழுத்தர்.

அக்கா வந்த மூன்றாவது வாரம் அது நடந்தது. நள்ளிரவில் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டுப் போன ஓட்டுநர் ஒருவருக்கே, விடிகாலை ஐந்து மணி வண்டியையும் போட்டுவிட்டார்கள். நிறுத்தத்தில் அவர் கண் செருக, பேருந்து மெல்ல உருண்டு விளக்குக் கம்பத்தில் முட்டியது. கண்ணாடி உடைந்ததோடு போயிற்று.

"இதைக் கண்டுபிடிக்கத்தான் மேக்ரோ இருக்கே," என்றார் எழுத்தர். "ஓய்வு நேரம் கம்மியா இருந்தா பேரைச் சிவப்பாக்கிக் காட்டும்."

"அப்போ ஏன் காட்டலை?"

"நாமதாம்மா ஓட விடணும். மெனுவுக்குள்ள ஒரு மெனு, அதுக்குள்ள ஒரு பட்டியல். போன் அடிக்கிற அடியில யாருக்கு ஞாபகம் வரும்?"

"சாவியைத் திருகினா வண்டியில விளக்கெல்லாம் தானா எரியுது. ஆயில் கம்மின்னு காட்டுற விளக்கைத் தேடிட்டா போறோம்? இதுவும் தானா வரணும்."

"வந்தா நல்லாத்தான் இருக்கும். யார் கொண்டு வர்றது?"

"நான்தான்."

மேக்ரோ என்றால் கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கும் கட்டளை வரிசை என்பதுகூட அதற்கு முந்தின வாரம்தான் அவருக்குத் தெரிய வந்திருந்தது. உதவிப் பக்கங்களை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். டைல்ஸ் வேலை முடிந்து வந்த கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, இந்த வயசுல பரீட்சையா?"

"ஆமா. ஃபெயிலானா ரிப்போர்ட்ல நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

பன்னிரண்டு நாள் ஆயிற்று. விரிதாள் திறக்கும் அந்தக் கணமே தானாக ஓடும் மேக்ரோ ஒன்றை அவர் எழுதினார். அது திரையின் மேலே ஒரு டூல்பாரைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதில் நான்கு பட்டன்கள்: ஓய்வு பார், ஆள் மாற்று, அச்சிடு, புது வாரம். எழுத்தர் முதல் பட்டனை அழுத்தினார். இரண்டு பெயர்கள் சிவந்தன. "அட!" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சந்தோஷம் நான்கு நாள்தான். மேலாளர் கையில் ஒரு வெற்றுத்தாளுடன் வந்து நின்றார். "ஏம்மா, உன் பட்டன் என் கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுது? டூட்டி பைலைப் பார்த்துட்டு மூடினேன். அப்புறம் லீவு பட்டியலைத் திறந்தா, அங்கயும் வந்து நிக்குது. 'புது வாரம்'னு இருந்துச்சு, அழுத்தினேன். மொத்தமும் காலி!"

அக்கா மழுப்பவில்லை. "தப்பு என்னோடதுதான் சார். வரச் சொன்னேன், போகச் சொல்ல மறந்துட்டேன்."

முந்தின நாள் நகலிலிருந்து லீவு பட்டியலை மீட்டுக் கொடுத்தார். அன்றைக்கே இரண்டாவது மேக்ரோவையும் எழுதினார்: டூட்டி விரிதாளை மூடினால் டூல்பாரும் போய்விட வேண்டும், வேறு விரிதாள் முன்னால் வந்தால் மறைந்துகொள்ள வேண்டும். 'புது வாரம்' இனி "நிச்சயமா?" என்று கேட்காமல் எதையும் அழிக்காது.

அடுத்த தலைவலி எழுத்தரிடமிருந்து வந்தது. "இன்னைக்கு டூல்பாரே வரலைம்மா." மேக்ரோக்களை அனுமதிக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது, அவர் வழக்கம்போல வேண்டாம் என்று தட்டியிருக்கிறார். "தெரியாத கேள்விக்கு வேண்டாம்னு சொல்றதுதானே புத்திசாலித்தனம்?"

"வாஸ்தவம்தான்," என்று அக்கா ஒப்புக்கொண்டார். அன்று மாலை எல்லாப் பக்கங்களையும் ஒளித்துவைத்து, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் விட்டார். அதில் பெரிய எழுத்தில்: 'மூடிவிட்டுத் திரும்பத் திற. கேட்டால் சம்மதம் சொல். இது நம்ம பைல்.' சம்மதித்தால்தான் மேக்ரோ மற்ற பக்கங்களைத் திறந்து காட்டும்.

ஐந்து மாதம் அரைத் தூக்கத்தில் யாரும் வண்டி எடுக்கவில்லை. முழங்காலும் தேறியது. மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். "டாக்டர் சரின்னுட்டாரு. பஸ்ஸுக்குத் திரும்பப் போறியா? பக்கத்து டிப்போல இதே மாதிரி செஞ்சு தரச் சொல்லி வேற கேக்குறாங்க."

"பஸ்ஸை விடமாட்டேன் சார். வாரம் நாலு நாள் ஓட்டுறேன். ரெண்டு நாள் இதைப் பார்க்கிறேன். ஆனா ரெண்டையும் உத்தரவுல எழுதிக் கொடுங்க."

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

பக்கத்து டிப்போவில் கம்ப்யூட்டர்கள் புதியவை. அக்கா கொண்டுபோன விரிதாளைத் திறந்தபோது டூல்பார் வழக்கமான இடத்தில் இல்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா திரையின் மேலே வரிசையாக இருந்த மெனுத் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தார். கடைசித் தலைப்புக்குள் நான்கு பட்டன்களும் பத்திரமாக இருந்தன.

"தேடித்தான் எடுக்கணும்னா பழைய மெனு கதைதான். இங்க வேற மாதிரி எழுதணும். ஒரு வாரம் கொடுங்க," என்று சொல்லி நாற்காலியில் வசதியாக உட்கார்ந்தார்.