சொல்லாமல் போகிறவர்

புரட்டாசி, திங்கள்: மாணவர் கருத்துத் தொகுப்பை முதல்வர் தமது அறையில் என்னிடம் கொடுத்தார். செவ்வாய்: வகுப்பு எடுத்தேன். புதன்: உடல்நலக் குறைவு என்று தெரிவித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வியாழன்: பேருந்தில் சென்றேன், கல்லூரி நிறுத்தத்தில் இறங்கவில்லை.

தொகுப்பில் கணிதத்தைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. குறை வேறு. ‘வகுப்பு முடிந்ததா என்றே தெரிவதில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விடுகிறார். நாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று உட்கார்ந்திருக்கிறோம்.’ இதையே பலரும் வேறு வேறு சொற்களில் எழுதியிருந்தார்கள். அடுத்த பருவத்திலும் பாடம் நடத்துவதா, நூலகப் பொறுப்புக்கு மாறிக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லும்படி முதல்வர் கேட்டார். கனிவாகத்தான் கேட்டார்.

அதன்பின் எனக்குள் ஓர் அதிர்வு தங்கிவிட்டது. தொலைவில் மாவு மில் ஓடுவது போல. காதுக்குக் கேட்காது, விலா எலும்புக்குத் தெரியும். மாசியில் மனைவி இறந்தபின், வகுப்பறையில் மட்டுமாவது நான் பழையபடி இருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். அங்கும் இல்லை என்று இப்போது தெரிந்தது.

வியாழக்கிழமை, கல்லூரி வாசல் பேருந்தின் சன்னலுக்கு வெளியே வந்து, நின்று, பின்னோக்கி நகர்ந்தது. நான் நகர்ந்ததாகத் தோன்றவில்லை. அருப்புக்கோட்டை பின்னால் கரைந்தது. உழுதுபோட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடந்தது. நீரில்லாத கண்மாய்க்குள் வெயிலே நீர்போல அலையடிக்க, அதன் கரையில் போன ஆடுகளுக்குக் கால்கள் தெரியவில்லை, அவை மிதந்தன. நானும் எடையற்றிருந்தேன். நடத்துநர் “திருச்சுழி” என்றபோதுதான் உடல் திரும்பி வந்தது.

மனைவியின் தங்கை அங்கேதான் இருக்கிறாள்.

“என்ன மச்சான், காலேஜு லீவா?”

“இல்லை.”

“அப்ப நீங்களே விட்டுக்கிட்டீகளாக்கும்.”

வேறு எதுவும் கேட்காமல் சோறு போட்டாள். அவளுடைய அக்காவின் கைப்பக்குவமே அந்தப் புளிக்குழம்பில் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் மீதிக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக் கையில் தந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

“மச்சான்! வாரேன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி தேஞ்சா போகும்? எப்ப வந்தாலும் இப்படித்தான், பேசாம எந்திரிச்சுப் போறீக. இதென்ன கேத வீடா?”

சொன்னவுடன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘வருகிறேன்’ என்று சொல்வதில்லை. அந்த வாசலில் அந்தச் சொல் ஆகாது. குனிந்து செருப்பைத் தேடி, பேசாமல் நடந்துவிட வேண்டும். மாசியில் எங்கள் வீட்டிலிருந்தும் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். வாசலில் நின்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நடையில் நானும் மளிகைக் கடையிலிருந்தும் வங்கியிலிருந்தும் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். இருபது வயதுப் பிள்ளைகள் நிறைந்த அறையிலிருந்தும்.

தெருவிலேயே சற்று நின்றேன்.

“வாரேன்மா.”

“ஆங், வாங்க. பாத்துப் போங்க, வெயிலு.”

திரும்பும் பேருந்திலும் அந்த அதிர்வு நிற்கவில்லை. அதன் காரணம் மட்டும் தெரிந்திருந்தது. காரணம் தெரிந்த நடுக்கத்தோடு ஒருவன் பேருந்தில் உட்கார்ந்திருக்க முடியும்.

வெள்ளிக்கிழமை வகுப்பின் முடிவில் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினேன்.

“இன்றைக்கு இவ்வளவுதான். திங்கள்கிழமை வருகிறேன்.”

கடைசி வரிசையில் யாரோ, “கண்டிப்பா வாங்க சார்!” என்றார்கள். அறை சிரித்தது. நாற்காலிகள் இழுபடும் ஒலி, வெகுநாளாக எதிர்பார்த்திருந்த மழைபோல, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் எழுந்தது. மாலையில் முதல்வரிடம் வகுப்பைத் தொடர்வதாகச் சொன்னேன்.

இன்னும் செய்யாதவை:

தூக்குவாளியைத் திருப்பிக் கொடுப்பது.

புதனும் வியாழனும் நடத்தாமல் விட்ட பாடங்கள்.

மளிகைக் கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவது.

காலையில் வீட்டைப் பூட்டுமுன், முன்பெல்லாம் உள்ளே பார்த்துச் சொன்ன அந்த ஒரு சொல்லைச் சொல்வது.