காய் என்றால் காய்

எண்பதுகளின் நடுவில் செம்பாக்கத்தில் வீடு கட்டிய ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. வீடு முடிந்த பிறகும் மேஸ்திரியாகவே இருந்தார்கள். அதுவரை சுவரில் ஓர் ஆணி அடித்தறியாத ஆபீஸ் மனிதர்கள், கொத்தனார் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்ற பழக்கத்தில், கம்பி, ஜல்லி, கலவை தவிர வேறு பேச்சே இல்லாதவர்களாகிவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ரசம் ஊற்றுகிறவரைக் காக்க வைத்துவிட்டு, சிமென்ட்டுக்கு மணல் ஒன்றுக்கு நாலா ஒன்றுக்கு ஆறா என்று சண்டை போடுவார்கள். தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பட்டணத்துக்குக் கோப்பு பார்க்கப் போகிற என் கணவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

நான் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள். அங்கே ஒரு செடி வைக்க வேண்டுமானால் பெயிண்ட் டப்பா வேண்டும், டப்பாவை வைக்க இடம் வேண்டும், அந்த இடத்துக்கு அத்தனை குடித்தனங்களின் சம்மதமும் வேண்டும். அதனால் செம்பாக்கத்து வீட்டின் பின்னால், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவில் கொஞ்சம் மண் மிஞ்சியபோது, இது எனக்கு என்று சொன்னேன். வீடு அவர் பேரில் இருந்தது. சேலையூரில் பள்ளிக்கூடத்தில் நான் கத்திச் சம்பாதித்ததும் அந்த வீட்டுக்குள்தான் போயிருந்தது. அந்தத் துண்டு மண்ணாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதில் ஒரு வெட்கமும் இல்லை.

அவருக்கோ அங்கே சிமென்ட் தளம் போட்டு ஸ்கூட்டர் நிறுத்த வேண்டும். ஸ்கூட்டர் இருந்ததா என்று கேட்காதீர்கள். பதிவு செய்திருந்தார். அந்தக் காலத்தில் பதிவு செய்த ஸ்கூட்டர் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. வராத வண்டிக்கு ஷெட் கட்ட, வந்த மனைவியின் மண்ணைப் பிடுங்கப் பார்த்தார்.

பேசிப் பேசி அலுத்துப்போய்க் கடைசியில் அவரே ஒரு தீர்ப்பு சொன்னார். "பொங்கலுக்குள்ள அந்த மண்ணுலேர்ந்து ஒரு காய், ஒரே ஒரு காய், சாம்பாருக்கு வரட்டும். இடம் உன்னுது. வரலையா, சிமென்ட்தான்."

சரி என்றேன்.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரியை ஒட்டிய வயலைப் பிளாட் போட்டு விற்ற இடம் அது. சுத்தக் களிமண். வெயிலில் கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று எகிறித் திரும்பும். பாளம் பாளமாக வெடித்த இடுக்குகளில் குடையை முழுசாக இறக்கலாம். ஒரு மழை பெய்துவிட்டால் போதும், காலைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் திருப்பித் தராது.

நிலத்தை எங்களுக்கு விற்ற ஊர்க்காரர் ஒரு நாள் மதிலோரம் நின்று வேடிக்கை பார்த்தார். அவர் அப்பா காலம் வரை விவசாயக் குடும்பம். இப்போது அவருக்குக் கேம்ப் ரோடில் சிமென்ட் கடை, கழுத்தில் சங்கிலி.

"இன்னா டீச்சரம்மா, கத்திரிக்காவா? இது ஏரி மண்ணும்மா. எங்கப்பன் நெல்லு போட்டாரு. நான் பிளாட்டு போட்டேன். உங்களுக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? மார்க்கெட்ல எல்லாம் கீது. பேசாம சிமென்ட்டு போட்டு வூட்டை நீட்டா வெச்சிக்கோங்க."

அவர் கடைக்காரர், அப்படித்தான் பேசுவார். அவரை மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதவர் எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்துதானே தவிர உத்தரவு போடுவதிலிருந்து இல்லை.

"கிளே சாயில் மேடம். மணல் கலக்கணும். காமன் சென்ஸ்" என்றார்.

மணலுக்குப் பஞ்சமே இல்லை. வீடு கட்டி மிச்சமான குவியல் எங்கள் வாசலிலும் கிடந்தது, தெருநாய்களின் மெத்தையாக. கோடை மழை ஒன்று பெய்து மண் கொஞ்சம் இளகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவரும் என் கணவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் இறங்கினார்கள். என்னைக் காபி போடச் சொன்னார்கள். என் தோட்டம், நான் காபி.

காபியோடு திரும்பி வந்து பார்த்தால் அங்கே நடப்பது தோட்ட வேலையே இல்லை, கட்டட வேலை. ஒன்றுக்கு நாலு என்று சட்டியால் அளந்து மணலையும் களிமண்ணையும் கொட்டி, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கலவை போட்டார்கள். பரப்பினார்கள். மட்டப்பலகை வைத்து இழுத்தார்கள். அதோடு விட்டார்களா? என் கணவர் உள்ளே ஓடிப்போய், கொத்தனார் மறந்து வைத்துவிட்டுப் போன ரசமட்டத்தை எடுத்துவந்து பாத்தியின் மேல் வைத்து, நடுவில் குமிழி நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். வெண்டைக்காய் சரிந்து விழுந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

கடைசியில், புதுசாகப் போட்ட மொட்டைமாடித் தளம் இறுகுவதற்குக் கட்டுவதுபோலச் சுற்றிலும் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள்.

"காலையும் சாயங்காலமும் க்யூரிங் பண்ணணும் மேடம். அப்பதான் ஸ்ட்ராங்கா நிக்கும்" என்றார் தலைவர்.

"எது சார் ஸ்ட்ராங்கா நிக்கணும்? செடியா, மண்ணா?"

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "மேடத்துக்கு ஜோக் எல்லாம் வருது."

நான் ஊன்றிய வெண்டை விதைகள் தண்ணீரில் அழுகின. கத்திரி நாற்றுகள் கொஞ்ச நாள் நின்று பார்த்துவிட்டுச் சாய்ந்தன. களிமண்ணும் மணலும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்தால் என்ன வரும் என்று எந்தச் செங்கல் சூளையில் கேட்டாலும் சொல்வார்கள். சூளைக்கு நெருப்பு வேண்டும், அதை அக்னி நட்சத்திரம் பார்த்துக்கொண்டது. பாத்தியைக் கரண்டியால் தட்டினால் டொக் டொக் என்றது. அதன் மேல் உட்கார்ந்து துணி துவைக்கலாம்.

"மண்ணும் களிமண்ணு, போட்டவ மண்டையிலயும் களிமண்ணு" என்றார் என் கணவர். ரசமட்டம் வைத்தவர் சொன்னார். அதற்குப் பிறகு அவரிடம் நான் தேவைக்கு மட்டும்தான் பேசினேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மதிலோரமாக, ஒரு கீற்று இடம் மட்டும் தப்பியிருந்தது. மணல் தீர்ந்துபோனதால் தப்பியது, புத்தி வந்ததால் இல்லை. அங்கே தினமும் காய்கறித் தோலையும், பெருக்கிய வேப்பஞ்சருகையும், வாசலில் மாடுகள் போட்டுவிட்டுப் போன சாணத்தையும் கொட்டி வந்தேன். தோட்டம் போடுகிற எண்ணத்தில் இல்லை. குப்பைத் தொட்டி தெருக்கோடியில் இருந்தது, எனக்கு நடக்கச் சோம்பல். பெருமழைக்காலம் முடிகிற சமயம் சருகைத் தள்ளிப் பார்த்தால், அடியில் அதே களிமண் கறுப்பாக, உதிரியாக, மண்புழுவோடு கிடந்தது. கையில் இருந்தது கீரை விதை மட்டும்தான். வீசினேன்.

மார்கழியில் முளைக்கீரை மதில் ஓரம் முழுக்கத் தளதளவென்று நின்றது. மசியல், கூட்டு, பொரியல் என்று நாளுக்கொன்றாகச் செய்தேன். என் கணவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தலைவர் வீட்டு அம்மாளும் வந்து மடி நிறையப் பறித்துக்கொண்டு போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பொங்கலன்று அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "காய் எங்கே?"

"இத்தனை நாளா என்ன சாப்பிட்டீங்க?"

"அது கீரை. நான் சொன்னது காய்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடவில்லை. தலைவரையே கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைத்தார். அந்த வாரம் முழுக்க என் கீரையைத் தின்ற மனிதர், பல் இடுக்கில் அதன் நார்கூட இருந்திருக்கும், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார். "கீரைங்கறது இலை மேடம். காய்னா காய். அக்ரிமென்ட்னா அக்ரிமென்ட்தானே."

தை பிறந்தது, சிமென்ட்டும் வந்தது. கீரையை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுத் தளம் போட்டார்கள். நான் சமையலறையில் நின்று அழுதேன். வெங்காயம் நறுக்கவில்லை, அழத்தான் அழுதேன். ஒண்டுக்குடித்தனத்திலாவது எல்லோருக்கும் இடமில்லை. இங்கே எனக்கு மட்டும் இல்லை.

ஆனால் மண் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. வெயில் ஏற ஏற அடியில் களிமண் சுருங்கியது. வைகாசிக்குள் தளம் மூலைக்கு மூலை பிளந்து கிணற்றுப் பக்கம் சரிந்துவிட்டது. கடைக்காரர் வந்து பார்த்தார். "சிமென்ட்டு ஃபஸ்ட் கிளாஸ் சிமென்ட்டும்மா. மண்ணுதான் சரியில்ல" என்றார். தலைவர் வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"க்யூரிங் பத்தலை" என்றார்.

நான் சிரித்த சிரிப்பு அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அந்த வருஷ மழையில் களிமண் உப்பியது. துண்டுகள் ஆடுகிற பல் மாதிரி மேலும் கீழும் ஆடின. நடுவில் தண்ணீர் தேங்கிக் கொசு வந்தது. அடுத்த கோடையில் என் கணவர் கடப்பாரையை எடுத்துத் தளத்தைத் தாமே உடைத்து, துண்டுகளை மதிலோரம் அடுக்கினார். அப்புறம் ஒருவழியாக ஸ்கூட்டர் வந்தது. வாசலில், கேட்டுக்குள் நிறுத்தினார். அங்கே இடம் எப்போதும் இருந்தது.

பின்பக்கம் ஒரு சட்டி மணலைக்கூட நான் உள்ளே விடவில்லை. கொத்தவில்லை, புரட்டவில்லை. சருகும் சாணமுமாக மேலே போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மழைக்காலம் காத்திருந்து கத்திரி நட்டேன். காய்த்தது. ஊதா நிறத்தில், பளபளவென்று.

முதல் காய்கள் பறித்த ஞாயிற்றுக்கிழமை தலைவரைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னேன். சந்தோஷமாக வந்தார். அவருக்கும் என் கணவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தேன். ஆளுக்கொரு கத்திரிக்காயை, காம்போடு, பச்சையாக, இலை நடுவில் வைத்தேன்.

"என்ன மேடம் இது?"

"காய் சார்."

தலைவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் கத்திரிக்காயைக் காம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"காய்தான்" என்றார்.

அன்று நான் எதுவும் சமைக்கவில்லை.