ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள்: குற்றால மலையில் ஒரு நாள் காட்டுப் பயிற்சி

எனக்கு ஐம்பத்தொரு வயது. கடையத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கடையில் ஆள் வராத நேரமெல்லாம் வடதுருவப் பக்கத்துக் காடுகளில் தனியாகத் தங்குகிறவர்களின் வீடியோக்களைப் பார்ப்பதுதான் என் வேலை. பனியில் குடில் போடுவது, ஈர விறகில் தீ மூட்டுவது எல்லாம் எனக்கு அத்துப்படி, உட்கார்ந்த இடத்திலேயே. பின்லாந்தின் வடகோடியில் ஆறு நாள் காட்டு நடை ஒன்று இருக்கிறது. அதற்குப் போக வேண்டும் என்று மூன்று வருடமாக மனைவி சாந்தியை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள் ஒரு வழி சொன்னாள். குற்றாலத்தில் ஒரு நாள் பயிற்சி நடத்துகிறார்களாம். அதற்கு இருவரும் போவது, வழிகாட்டி என்னை அனுப்பலாம் என்று சொன்னால் அவள் சம்மதிப்பது, இல்லையென்றால் பேச்சையே விட்டுவிடுவது. இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று நினைத்துக்கொண்டு உடனே சரி என்றேன்.

ஆகஸ்ட் மாதம், ஞாயிற்றுக்கிழமை. கடையத்தில் காலை 5.40க்குப் பேருந்து. நகரப் பேருந்து என்பதால் சாந்திக்குக் கட்டணம் இல்லை, எனக்கு மட்டும் பதினேழு ரூபாய். 6.25க்குத் தென்காசி. பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். பயிற்சி நடக்கும் தனியார் தோட்டம் ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். நல்ல சாரல். அருவிக்குக் குளிக்கப் போகிற கூட்டம் எண்ணெய்த் தலையோடு ஒரு பக்கம் போக, நாங்கள் மட்டும் ஷூவும் மழைக்கோட்டுமாக எதிர்ப்பக்கம் போனோம். எங்களை இறக்கிவிட்டு ஆட்டோக்காரர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

வழிகாட்டி பேச்சிமுத்துவுக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பதினைந்து வருடம் ராணுவத்தில், அதில் பாதி லடாக் பனியில் இருந்தவர். எட்டுப் பேர் கொண்ட குழு, ஆளுக்கு 1,200 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. முதலில் காலுறையில் புகையிலைத் தண்ணீர் தெளித்தார், அட்டை ஏறாமல் இருக்க. அப்புறம் தீ மூட்டச் சொன்னார். நான் வீடியோவில் பார்த்தபடி மரப்பட்டையைச் சீவி அரைமணி நேரம் மல்லுக்கட்டினேன், புகைகூட வரவில்லை. அவர் பையிலிருந்து பழைய சைக்கிள் டியூப்பை ஒரு சாண் வெட்டிக் கொளுத்தினார். மழையிலும் நின்று எரிந்தது. சாந்தி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சாப்பாடு முடிந்து ஒரு மணிக்கு முக்கியமான பயிற்சி. இரண்டிரண்டு பேராக, சாப்பிட்ட கொட்டகையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி விட்டுவிடுவார்கள். மரத்தில் கட்டிய சிவப்பு நாடாக்களைப் பார்த்துத் திரும்பி வர வேண்டும். வழி தப்பினால் அப்படியே நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மூன்று முறை விசில் ஊத வேண்டும், கேட்டவர் ஒருமுறை ஊதிப் பதில் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு விசில் தந்தார்.

மூன்றாவது நாடாவுக்குப் பிறகு மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சாந்தி நிற்கலாம் என்றாள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும், எல்லா வீடியோவிலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றேன் நான். அவள் வரமாட்டேன் என்று ஒரு மரத்தடியில் நின்றுகொண்டாள். பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் மட்டும் இறங்கினேன்.

ஓடை ஒரு பாறையில் போய் முடிந்தது. அதற்கு அப்புறம் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை மூட்டம். கீழே எங்கோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பாசியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். ஒரு வேரைப் பிடித்திருந்தேன், பிடி தப்பியிருந்தால் இதை எழுத ஆள் இல்லை.

அப்போதுதான் மேலேயிருந்து சாந்தியின் விசில் கேட்டது, மூன்று முறை. என் விசில் சட்டைப் பையில் இருந்தது. ஊதவில்லை. நானாகவே மேலேறிப் போய் நின்றுவிட்டால் மானம் போகாது என்று தோன்றியது. வந்த வழி தெரியாமல் புதருக்குள் சுற்றினேன். மறுபடி ஊதினாள், மறுபடி, மறுபடி. நாலாவது முறைக்குப் பிறகுதான் நான் விசிலை எடுத்து ஊதினேன். பேச்சிமுத்து கால்மணி நேரத்தில் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சாந்தி. அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா நாலு தடவ ஊதியிருக்காங்க. நாலாவதுதான் எனக்குக் கேட்டுச்சு. பக்கத்துல இருந்த ஒங்களுக்குக் கேக்கலியா அண்ணாச்சி?” என்றார்.

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன்.

“இங்கன ஓடையெல்லாம் அருவியாத்தான் ஊருக்குள்ள இறங்கும். இனிமே அதப் பிடிச்சு இறங்காதிய,” என்றார். அவ்வளவுதான், திட்டவில்லை.

நாலு மணிக்குக் கிளம்பும்போது சாந்தி சொன்னபடி அவரிடம் கேட்டாள். தாராளமாக அனுப்பலாம், நிறையப் பேர் வெட்கப்பட்டு விசிலே ஊதமாட்டார்கள், இவர் தப்பு தெரிந்ததும் ஊதிவிட்டார் என்றார் பேச்சிமுத்து. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல், அட்டை இரண்டும் உண்டு. பழைய ஷூ போதும், ஆனால் அடிப்பகுதி தேயாமல் இருக்க வேண்டும். மாற்றுத்துணி இரண்டு செட். மேலே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. வனத்துறை எல்லைக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள், இந்தத் தோட்டம் எல்லைக்கு வெளியே இருக்கிறது. வீடியோ பார்த்துக் கற்றதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தென்காசியில் 5.10 பேருந்து. ஜன்னலோரம் சாந்தி. பாவூர்சத்திரம் தாண்டியதும், சரி, போய்விட்டு வாருங்கள், கம்பளிச் சட்டை தென்காசியிலேயே வாங்கிவிடலாம் என்றாள். மூன்று வருடமாகக் காத்திருந்த வார்த்தை. என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

“நீ ஊதினது கேட்டுச்சு சாந்தி,” என்றேன்.

“எத்தனாவது?”

“நாலும்.”

என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“மூணாவது ஊதும்போது நீங்க போய்ச் சேந்துட்டியன்னே நெனச்சேன். நாலாவது உங்களுக்காக ஊதல. பொணத்த எடுக்க யாராவது வரட்டும்னு ஊதுனேன்.”

பின்லாந்துப் பேச்சை அதன்பின் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உங்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுதான். விசில் கேட்டால் ஊதுங்கள், உடனே.