மின்தேக்கியில் தங்கிய மிச்சம்

ஓய்வு பெற்ற பிறகும் என்னைக் கூப்பிடுகிறார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய சிப் வடிவமைப்பு நிறுவனம். வாடிக்கையாளர் வரும் நாளில், வெளியாள் ஒருவர் பரிசோதனையைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். செயல்முறைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். மற்றவர்கள் அவற்றைப் படிக்காமல் இருப்பதற்கு அது வசதி.

அன்றைய சிப் மருத்துவமனைக் கருவிக்கானது. நோயாளியின் உடலில் ஒட்டிய எட்டு உணரிகளின் சூட்டை ஒவ்வொன்றாக அளந்து எண்ணாக மாற்றும். வாடிக்கையாளர் ஏற்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. குழுத் தலைவி தமிழ்ப் பெண். தானே பார்த்துப் பார்த்துச் சேர்த்த குழு அது.

உணரிகள் வந்து சேரும் எட்டு வாசல்களுக்கும் ஒரே மின்னழுத்தம் கொடுத்தோம். எட்டும் ஒரே எண்ணைக் காட்டின. வாடிக்கையாளர் பாலத்து நெரிசலில் நிற்பதாகச் செய்தி வந்தது. நான் கையெழுத்திடப் போனேன். தலைவி தடுத்தாள்.

"சைன் பண்ணாதீங்க அங்கிள். எல்லாத்துக்கும் ஒரே வோல்ட்டேஜ் குடுத்தா, உள்ள மிச்சம் நிக்கிறது எப்படித் தெரியும்?"

அதில் நியாயம் இருந்தது, எரிச்சலே அதனால்தான். எட்டு வாசல்களுக்கும் உள்ளே இருப்பது ஒரே மின்தேக்கி. ஒரு வாசலில் மின்னூட்டத்தைப் பிடித்து அளந்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போகும். நடுவில் முழுதாகக் காலியாகாவிட்டால், தே தாரிக் டீ குடித்த கிளாஸைக் கழுவாமல் கொப்பி ஊற்றிய கதைதான். வருகிற எல்லாருக்கும் தே தாரிக்கே ஊற்றினால், கிளாஸ் கழுவியதா என்று யார் கண்டது? ஒயர் மாற்றும் வேலையை மிச்சப்படுத்த, எல்லா வாசல்களையும் சேர்த்துக் கட்டி அளப்பது எங்கள் தொழிலில் பழக்கம். செயல்முறையும் அதை அனுமதிக்கிறது.

செயல்முறையில் இல்லாத சோதனையை இந்த நேரத்தில் தொடங்கக் கூடாது என்றேன்.

"ப்ரொசீஜர் பாஸ் ஆயிருச்சு. சிப்பு இன்னும் பாஸ் ஆகல லா."

ஒரு வாசலுக்கு உச்ச அழுத்தமும் அடுத்ததற்குப் பூஜ்யமும் கொடுத்தாள். பூஜ்யம் பூஜ்யமாக இல்லை. முந்தைய வாசலின் மிச்சம் அதில் ஒட்டியிருந்தது.

ஒவ்வொரு அளவுக்கும் முன் மின்தேக்கியைக் காலி செய்யும் வசதி சிப்பிலேயே இருந்தது. வேகத்துக்காக அணைத்து வைத்திருந்தார்கள். அவள் அதைப் போட்டாள். பூஜ்யம் வந்தது. வேகம் ஒப்பந்தத்துக்குக் கீழே இறங்கியது.

வாடிக்கையாளர் வந்தார், நடுவயதுச் சீனர். இரண்டு முடிவுகளையும் அவள் மறைக்காமல் அவர்முன் வைத்தாள். செயல்முறைப்படி தேறியதா என்று அவர் என்னிடம் கேட்டார். தேறியது என்றேன். கையெழுத்திடுவீர்களா என்றார். காலி செய்யாத பழைய அமைப்புக்கு மாட்டேன் என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அவர் தாமே ஒயர்களைப் பிடுங்கி இடம் மாற்றி, மெதுவான அமைப்பில் ஓட்டச் சொன்னார். பூஜ்யம் அசையவில்லை. மனித உடம்பின் சூடு மின்னல் வேகத்தில் மாறுவதில்லை. ஒப்பந்தத்தில் அந்த வேகத்தைக் கேட்டவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? இந்த வேகமே போதும், ஆனால் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்து அனுப்புங்கள் என்றார்.

அவர் போனதும் அவள் குழுவை உள்ளே அழைத்தாள். திட்டம் தொடர்கிறது என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"எட்டையும் தனித்தனியா அளக்கணும் அங்கிள். ஒயர் மாத்த ஆள் பத்தாது."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.