வீடு பூட்டியிருந்தது

பங்காருவுக்கு நாற்பத்தாறு வயது. திருத்தணியில் பத்தொன்பது வருஷமாகச் சைக்கிளில் கூரியர் கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தூர் ரோட்டில் தொடங்கி ரயில்வே கேட் வரைக்கும் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மத்தியானம் பெல் அடித்தால் திட்டு விழும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. பைக் வாங்கச் சொல்லி ஆபீசில் எத்தனையோ முறை கேட்டுவிட்டார்கள். "நமக்கு இதுதாங்க பழக்கம்" என்று சிரித்து மழுப்பிவிடுவார். உண்மையில் அவருக்கு இடது கண் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. லைசென்ஸ் கிடைக்காது. அந்த விஷயம் அவர் மனைவி புஷ்பலதாவுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் மட்டும் ஆபீசுக்கு அந்தச் சைக்கிள் தங்கமாகிவிடும். காவடிக்காரர்கள் ரோட்டை நிறைத்திருப்பார்கள். போலீஸ் தடுப்பு வைத்ததும் பைக்கில் போகிற இரண்டு பேரும் லீவு சொல்லிவிடுவார்கள். மூன்று பேர் பையையும் பங்காரு ஒருவரே சுமந்து, கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்.

போன வருஷம் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருந்தபோது, காலையில் சினேகா போன் செய்தாள். நர்சிங் முடித்த பெண். நந்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா காஞ்சனா வீட்டிலேயே இரண்டு பவர்லூம் போட்டு நெய்கிறாள். சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்தே சினேகா பங்காருவை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, பெங்களூர் காலேஜ்லேர்ந்து என் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் இன்னிக்கு வருது. நாளைக்கு காலைல திருவள்ளூர்ல கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வேலைக்கு சரிபார்க்கறாங்க. நானே ஆபீசுக்கு வந்து வாங்கிக்கட்டா?"

"இந்தக் கூட்டத்துல நீ எதுக்கும்மா வர்றே? உன் கையில குடுத்துட்டுத்தான் எனக்கு சோறு."

சென்னையிலிருந்து வேன் வந்து சேரவே மத்தியானம் ஆகிவிட்டது. பை நிறையக் கவர்கள். வழியில் வருகிற வீடுகளை முடித்துக்கொண்டு போனால் ஐந்து மணிக்குள் ஆற்றுப் பக்கம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார். நாலு மணிக்கு சுந்தரமூர்த்தி போன் செய்தார். கிளையை நடத்துகிறவர் அவர்தான்.

"பங்காரு, எல்லாத்தையும் போட்டுட்டு ஆபீஸ் வா. மண்டபத்துக்கு ரெண்டு பெட்டி போகணும். பெரிய பார்ட்டி, கத்திகினு இருக்காரு."

"சார், இன்னும் இருவது கவர் இருக்குது. அதுல ஒண்ணு ரொம்ப அவசரம்."

"டோர் லாக்குனு எழுதிட்டு வாய்யா. நாளைக்கு குடுத்தா இன்னா ஆயிடப்போவுது?"

பங்காரு ஆபீசுக்குத் திரும்பினார். டெலிவரி ஷீட்டில் இருபது பெயருக்கு நேராகவும் 'வீடு பூட்டியிருந்தது' என்று வரிசையாக எழுதினார். சினேகாவின் பெயருக்கு வந்தபோது ஒரு நிமிஷம் நின்றார். பிறகு எழுதினார். பையை அலமாரியில் வைத்துவிட்டுப் பெட்டிகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். மேளச் சத்தத்தில் சட்டைப்பையில் போன் அடித்தது கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது சினேகாவின் அழைப்பு ஏழு இருந்தது. திருப்பிப் பேச வாய் வரவில்லை. அதற்குள் அவள் கூட்டத்தில் இடிபட்டு ஆபீசுக்கே வந்து, மூடின ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

மறுநாள் ஆபீஸ் திறந்ததும் முதல் கவராக அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினார். காஞ்சனா தறியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அவ செராக்ஸ எடுத்துகினு விடியறதுக்குள்ளயே பஸ் ஏறிட்டா. நீ நேத்து வந்தியாண்ணா? நான் எங்கியும் போவலியே."

"வந்தேம்மா. தறி சத்தத்துல கேக்கல போல."

ஷீட்டில் எழுதின பொய்யோடு நிற்கவில்லை, இப்போது வாயாலும் ஒன்று. அதைச் சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

திருவள்ளூரில் ஒரிஜினல் இல்லாமல் சினேகாவை உள்ளே விடவில்லை; அந்த வேலை கைவிட்டுப் போனது. கிருத்திகை முடிந்த மறுநாள் அம்மாவும் பெண்ணும் ஆபீசுக்கு வந்தார்கள். சுந்தரமூர்த்தி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாரும்மா, எங்க ஆளு வந்திருக்கான். உங்க வூடு பூட்டினு இருந்துச்சி. இன்னா பங்காரு?"

கவர் போட வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பங்காருவுக்குத் தன் கண் ஞாபகம் வந்தது. சைக்கிள்காரனுக்கு இந்த ஊரில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

"ஆங்... பூட்டித்தான் இருந்துச்சிங்க."

காஞ்சனா சத்தம் போடவில்லை. "எங்க வூட்டுக்குப் பூட்டே கெடையாதுண்ணா. தாழ்ப்பாள்ல நூல் கயிறு போட்டுத்தான கட்டுவோம். எத்தினி வாட்டி நீயே அவுத்து கவர உள்ள வச்சிட்டுப் போயிருக்கே?"

சினேகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

அவள் தலைமை ஆபீசுக்குப் புகார் எழுதினாள். விசாரிக்க ஒருவர் வந்தார். அதற்கு முதல் நாள் புஷ்பலதா கணவனை உட்காரவைத்துச் சொன்னாள்: "அந்த ஆளு சொல்லித்தான எழுதுன. அத அப்படியே சொல்லு." பங்காரு அப்படியே சொன்னார். வந்தவர் ஷீட்டை நீட்டி, "இது யார் எழுத்து?" என்று கேட்டார்.

"என்னோடதுதாங்க."

"அப்ப முடிஞ்சுது."

சுந்தரமூர்த்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அப்படியெல்லாம் சொல்றவனா சார்?" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே பங்காருவின் பை வேறொருவர் தோளுக்குப் போனது.

ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் சினேகா வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"இத நீங்க அன்னிக்கு ஆபீஸ்ல சொல்லியிருக்கணும். இப்ப இத வச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் மாமா என்று கூப்பிடவில்லை என்பது பாதி வழி வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

நாலு மாசம் சும்மா கிடந்தார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு சின்ன கூரியர் ஆபீஸ் திறந்தார்கள். வீதிகள் தெரிந்த ஆள் என்பதால் சைக்கிளோடு சேர்த்துக்கொண்டார்கள். போன மாசம் அரக்கோணம் ரோட்டில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கவர் கொண்டுபோனார். முன் மேஜைக்குப் பின்னால் சினேகா இருந்தாள். அங்கேதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

அவர் ஷீட்டை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் தேதி எழுதினாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியும் எழுதினாள். அப்புறம் போனை எடுத்து அந்த ஷீட்டைப் படம் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவர் கையிலிருந்து கவரை வாங்கினாள்.